ஒன்றரை நொடி

நஞ்சப்பண்ணன் பதில் சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். எங்கள் மையத்தில் ஆறு வருடமாக இதுதான் வழக்கம்.

சர்வரில் எதை மாற்றினாலும், ஒரு கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும்கூட, கடைசியில் நான்காம் கட்டிலுக்குப் போய் நிற்போம். முப்பது வருடம் காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் இடையே டிக்கெட் கிழித்த கண்டக்டர் அவர். வாதம் வந்து இமைகூட அசையாமல் படுத்துவிட்டார். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "நஞ்சப்பண்ணா, காபி ஆச்சுங்களா?" என்று நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் திரையில் "இல்லை" என்று வந்து விழும். குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு எங்கே காபி! நாங்கள் சிரித்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் கெர்னலை மாற்றியபோதும் அப்படித்தான் செய்தேன். கெர்னல் என்பது கணினியின் அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிற புரோகிராம். மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேஸ்திரியை அனுப்பிவிட்டுப் புதியவரை வைத்தோம். நஞ்சப்பண்ணன் காபி ஆகவில்லை என்றார். "சோதனை சரி" என்று எழுதி, திருமூர்த்தி என்று என் பெயரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் இடத்துக்கு மறுமொழி மையம் என்று பெயர். கோயம்புத்தூரில் சரவணம்பட்டி தாண்டி இருக்கிறது. உடம்பு முழுக்கப் பூட்டிக்கொண்டு மனசு மட்டும் உள்ளே விழித்திருக்கும் ஆட்களுக்கு இருபத்திரண்டு கட்டில். ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் நகத்தளவு ஒரு தகடு. 'ஆம்' என்று நினைத்தால் மூளையில் ஒரு விதமான சலனம், 'இல்லை' என்று நினைத்தால் வேறு விதம். தகடு அதைப் பிடித்துத் துண்டு துண்டாகத் தரைத்தளத்துக்கு அனுப்பும். அங்கே கட்டிலுக்கு ஒன்றாக இருபத்திரண்டு சிறிய சர்வர்கள். சர்வர் அந்தத் துண்டுகளைக் கோத்துப் படித்து, கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் திரையில் ஒரு சொல்லைப் போடும்.

ஒரு சங்கடம் என்னவென்றால், மூளை சும்மா இருக்காது. யாரும் கேட்காமலே 'ஆம்' போலவும் 'இல்லை' போலவும் எதையாவது கிளப்பிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். கேள்வி முடிந்து ஒன்றரை நொடிக்குள் வந்தால் அது பதில். அதற்குப் பிறகு வருவது வெறும் சலனம், திரையில் காட்டமாட்டோம். "பதில் இல்லை" என்று போட்டுவிடும்.

ஒருவர் பதில் சொல்வது நின்றுவிட்டால் மூன்று நாள் சோதனை வைப்பார்கள். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு மூன்று கேள்வி. இருபத்தேழுக்கும் பதில் இல்லை என்றால் டாக்டர் மௌனச் சான்று எழுதுவார். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டதும் மூச்சுக் கருவியை நிறுத்திவிடுவார்கள். கொடுமை என்று சொல்லிவிட முடியாது. உள்ளே யாருமில்லாத கட்டிலுக்காக, மனசு விழித்திருக்கும் நூறு பேர் வெளியே காத்திருக்கிறார்கள்.

நானும் கையெழுத்துப் போட்டவன்தான். பதினொன்றாம் கட்டிலில் இருந்தது என் தம்பி சென்னியப்பன். எங்கள் அப்பா எந்த மலைக்குப் போய்விட்டு வந்தாரோ அந்தச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார். நான் திருமூர்த்திமலை, அவன் சென்னிமலை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், இரண்டும் கல்யாணம் ஆகாத கட்டைகள். போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் நான் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தேன். "கொஞ்சம் கொண்டாந்து குடுத்துட்டுப் போடா" என்று போன் செய்தேன். மழை பெய்கிறது என்று அவன் சொன்னான். "கண்ணு தெரியாம நான் என்னத்த வேலை பாக்கறது?" என்று எரிந்து விழுந்தேன். அவிநாசி ரோட்டில் அவன் பைக் சறுக்கியது. கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு மாதம் அவனிடம் தினமும் பேசினேன். கிரிக்கெட் பற்றிக் கேட்பேன், பக்கத்து வீட்டு நாய் பற்றிச் சொல்வேன். சென்னி சின்ன வயசிலேயே நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை சொல்கிறவன். திரையிலும் அப்படித்தான், யோசித்து யோசித்து ஒரு "ஆம்" வரும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. அதற்கு "ஆம்" என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

கெர்னல் மாற்றிய அடுத்த வாரம் அவன் பதில் சொல்வது நின்றது. டாக்டர் தில்லைநாயகி சோதனை வைத்தார். எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. தன் சொந்தக்காரரின் கட்டில் சோதனையில் இருக்கும்போது நெட்வொர்க் ஆட்கள் இயந்திரத்தைத் தொடக்கூடாது, சர்வர் அறைக்குள்ளே போகவும் கூடாது. தில்லுமுல்லு செய்தான் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். அந்த விதியை எழுதியது நான். அதனால் மூன்று நாளும் லேப்டாப்பைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். நேர்மையானவன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இருபத்தேழு முறை "பதில் இல்லை" வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அது நடந்து இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, பட்டீஸ்வரன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, நெட்வொர்க் சார் நீங்கதானுங்களே?"

கணபதியில் பேக்கரி வைத்திருப்பவர். சட்டை முழுக்க வெண்ணெய் வாசனை. அவர் மனைவி சரோஜினி பதினேழாம் கட்டிலில் இருந்தார். மில்லில் நூல் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர்.

"எங்கூட்டுக்காரிக்கு நேத்துல இருந்து டெஸ்ட் வெச்சுட்டாங்க. ஒம்பது கேள்வி ஆச்சு. ஒண்ணுக்கும் பதிலில்லீங்க. நாளைக்குப் பொழுதோட முடிஞ்சிரும்ங்கறாங்க."

"டாக்டரைத்தாங்க நீங்க பாக்கணும்."

"பாத்தனுங்க. நெட்வொர்க் நல்லா இருக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களாம். அதான் உங்களையே பாத்தரலாம்னு வந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க மேல வந்தா அவ பேசறாளுங்க. நீங்க போயிட்டா நிறுத்திக்கறா."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "என் மூஞ்சில அப்படி என்னங்க இருக்குது?"

அவர் சட்டைப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள்களை எடுத்தார். கிழித்த தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். இன்ன தேதி, இன்ன மணி, நெட்வொர்க் சார் வந்தார், சரோ பேசினாள். அந்த மாதிரி நான்கு தடவை. நடுவில் பத்துப் பதினைந்து தாளில் ஒரே வரி, பேசவில்லை. நான்கு தடவையும் லைனைப் பார்க்க லேப்டாப்போடு மேலே போனது எனக்கே நினைவிருந்தது. நான்கு தடவையும் நன்றாக வேலை செய்கிறதே என்றுதான் "கோளாறு இல்லை" என்று எழுதியிருந்தேன்.

"வாங்க" என்றேன்.

பதினேழாம் கட்டிலில் கேபிளைச் செருகி, லைனைக் கண்காணிக்கும் புரோகிராமை ஓட விட்டேன். பட்டீஸ்வரன் மனைவியின் காதருகே குனிந்து, "சரோ, நாந்தான். தெரியுதா?" என்றார். திரையில் "ஆம்" வந்தது. லேப்டாப்பை மூடினேன். திரும்பவும் அதே கேள்வி. பதில் இல்லை. திறந்தேன், ஆம். மூடினேன், பதில் இல்லை.

டாக்டர் தில்லைநாயகியைக் கூப்பிட்டு ஐந்து தடவை செய்து காட்டினேன். அவர் நல்ல டாக்டர், கறாரானவர்.

"லேப்டாப்ல என்ன ஓடுது, திருமூர்த்தி?"

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா பாக்கறதுதான். என்ன போகுது, என்ன வருதுன்னு நொடிக்கு ஆயிரம் தடவை அந்த சர்வர்கிட்ட கேட்டுட்டே இருக்கும்."

"நீங்க பாத்தா சரியாகுது, பாக்காட்டி கெட்டுப்போகுது. இதை நான் எந்த ஃபைல்ல எழுதறது? சோதனை நடக்கறப்ப வெளி மெஷினைச் செருகக் கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கே."

"காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டா?"

"நாளைக்கு மத்தியானச் சோதனைக்குள்ள கண்டுபிடிங்க. சாயங்காலம் ஆச்சுன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

அன்று பகல் முழுக்க அந்த சர்வரைக் குடைந்தேன். கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் வரும் அளவுக்குப் போலிச் சலனத்தை உருவாக்கி அந்த ஒரே சர்வர் மேல் கொட்டினேன். புது மேஸ்திரி பழையவரைவிட வேகமாக அதைத் தூக்கிப் போட்டார். எத்தனை பாரம் ஏற்றுகிறேனோ அத்தனை சுறுசுறுப்பு. குறை என்று ஒன்றுமே அகப்படவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே பட்டீஸ்வரன் வந்துவிட்டார். வேலைக்குக் குறுக்கே வருகிறாரே என்று உள்ளே கடுகடுத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் போகச் சொல்ல மனம் வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாத்துனதுக்கு அப்பறம் நல்லா ஓடுதான்னு எப்படீங்க பாப்பீங்க?"

"நாலாம் கட்டில் நஞ்சப்பண்ணன்கிட்டக் கேட்டுப் பாப்போம்."

"அட, அவருங்களா! கேக்காமயே பேசற ஆளாச்சே அவரு." சிரிக்க முயன்றார், முடியவில்லை. "எங்கூட்டுக்காரி கல்யாணமான புதுசுலயே நாலு கேட்டா ஒண்ணுக்குத்தான் வாயத் தொறப்பா. பேசாத ஆளை வெச்சு யாராச்சும் பாத்தீங்களா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாத ஆளை வைத்து நாங்கள் ஒருபோதும் பார்த்ததில்லை.

எல்லா லைனிலும் போகிறது வருகிறதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று உண்டு. சர்வரைத் தொடாது, ஓரமாக நின்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்திக் கேட்கும் கேள்வியின் குரல் உட்பட நாற்பது நாள் பதிவு அதில் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். பதினேழாம் கட்டிலின் நேற்றைய பதிவைத் திறந்தேன். சரோஜினியின் சலனம் பலவீனமானது. தகடு ஒரு துண்டை அனுப்பும், வந்தது என்று சர்வர் சொல்லும் வரை காத்திருக்கும், பிறகுதான் அடுத்த துண்டு. ஒரு பதிலுக்கு ஆறாயிரம் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் "வந்தது" என்று சொல்ல சர்வர் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் என்றால் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எவன் கண்ணிலும் படாது. ஆறாயிரம் தடவை சேர்ந்தால் அரை நொடிக்கு மேல்.

புதிய கெர்னலின் குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. வேலையில்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, இனி சர்வருக்குள் இருக்கும் பிராசஸர் ஆழ்ந்து தூங்கும். நல்ல விஷயம் என்று எழுதியிருந்தார்கள். நானும் முதல் தடவை படித்தபோது நல்ல விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் தில்லைநாயகி கீழே இறங்கி வந்தார். பட்டீஸ்வரனும் எழுந்து நின்றார்.

"ரெண்டு துண்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளியில சர்வர் கண்ண மூடிக்குது மேடம். அடுத்த துண்டு வந்து தட்டுனா முழிக்குது. முழிக்கறதுக்கு ஒரு துளி நேரம். நஞ்சப்பண்ணன் கொட்டற கொட்டுல தூங்கவே நேரமிருக்காது. நான் லேப்டாப்பைச் செருகுனாலும் நொடிக்கு ஆயிரம் தடவை எழுப்பிட்டே இருக்கேன், அதனாலயும் தூங்காது. மெதுவா பேசறவங்களுக்குத்தான் இது."

"புரியறாப்பல சொல்லுங்க."

"எனக்குப் புரியுதுங்க," என்றார் பட்டீஸ்வரன். "அடுப்பு மாதிரித்தானுங்க. தட்டு போடாதப்ப அடுப்ப அணைச்சுட்டா வெறகு மிச்சம்தான். ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் மறுக்கா சூடேறோணும். வரிசையா தட்டு போடறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஒத்தத் தட்டு போடறவன் சாகோணும்." கடைசிச் சொல்லைச் சொன்னதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அவங்க பதில் சொல்லிட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஒண்ணேமுக்கால் நொடியில சொல்லியிருக்காங்க மேடம். நாம ஒண்ணரைக்கே திரையை மூடிட்டோம்."

செய்ய வேண்டியிருந்தது ஒரே வரி. தூங்காதே என்று சர்வருக்குச் சொல்லும் ஒரு வரியை அது கிளம்பும்போது படிக்கும் பக்கத்தில் எழுதி, அணைத்து, மறுபடி போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து வாரத்துக்கு முன் செய்திருந்தாலும் இரண்டு நிமிடம்தான்.

மத்தியானச் சோதனைக்கு நான் கதவோரம் நின்றேன். என் கையில் எதுவும் இல்லை. லேப்டாப் கீழே பூட்டிய அறையில் இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"உங்கள் பெயர் சரோஜினிதானே?"

ஆம்.

"இப்போது இரவா?"

இல்லை.

"பக்கத்தில் நிற்பவர் உங்களுக்குத் தெரிந்தவரா?"

ஆம்.

டாக்டர் தாளை மடித்தார். பட்டீஸ்வரன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனைவி முகத்துக்கு நேராகக் குனிந்தார். சந்தோஷமாக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"சரோ, இத்தனை நாளும் நாங்க பேசுனதெல்லாம் கேட்டுட்டேதான் இருந்தியா?"

ஆம்.

"கருவிய நிறுத்தறதப் பத்தி பேசுனமே, அதுவுமா?"

ஆம்.

அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நர்ஸ் ஒருத்தி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எல்லாருமே அழுதுகொண்டிருந்தார்கள், பாதி மகிழ்ச்சியில். நான் அந்த "ஆம்" என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளைக் காப்பாற்றினோம் என்ற நினைப்பு அதுவரை என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. அந்த இரண்டாவது "ஆம்" என்னைக் கீழே இறக்கிவிட்டது.

திரும்பினேன். டாக்டர் தில்லைநாயகி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு முன்பே அதை நினைத்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "இந்த அஞ்சு வாரத்துல மூணு சான்று எழுதியிருக்கேன். ரெண்டாம் கட்டில், பத்தொன்பது, அப்புறம்..." நிறுத்தினார். "பதிவெல்லாம் பாக்கணும். தப்பு நடந்திருந்தா அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியாகணும். பதினொண்ணை மட்டும் வேற ஆளை வெச்சுப் பாக்கச் சொல்றேன், திருமூர்த்தி. சொந்தக்காரங்க தொடக்கூடாதுன்னு விதி இருக்கு."

"அது சோதனையில இருக்கற கட்டிலுக்கு மேடம். உசிரோட இருக்கறவங்களுக்கு" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலைக்குள் இருபத்திரண்டு சர்வரிலும் அந்த வரியை எழுதி முடித்தேன். ஒன்றரை நொடி என்ற கணக்கைத் தூக்கிவிட்டு, கேட்பவர் காத்திருக்கும் வரை திரை காத்திருக்கும்படி மாற்றினேன். அதற்கு டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டார். கண்ட சலனமும் பதில் என்று வந்துவிடுமே என்று அவர் இந்தத் தடவை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதிவுகளைத் திறந்தேன். முதலில் இரண்டாம் கட்டில். ஈரோட்டுக்காரர், அறுபத்தெட்டு வயது. மூன்று நாளும் கோடு தட்டையாகக் கிடந்தது. ஒரு நொடிக்குப் பிறகும் இல்லை, பத்து நொடிக்குப் பிறகும் இல்லை. உண்மையிலேயே போயிருந்தார். எனக்கு மூச்சு வந்தது. பத்தொன்பதும் அப்படித்தான். ஒரு சின்னப் பெண், கல்லூரி மாணவி. அவள் அம்மா சான்றைக் கையில் வாங்கியபோது போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எதுவும் இல்லை என்பதில் ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? சாமியைக் கும்பிடாத நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு பதினொன்று.

முதல் நாள் காலை. டாக்டரின் குரல். "உங்கள் பெயர் சென்னியப்பன்தானே?" ஆம். ஒன்று புள்ளி ஏழு நொடி. "இப்போது இரவா?" இல்லை. ஒன்று புள்ளி எட்டு. "பக்கத்தில் நிற்பவர் உங்களுக்குத் தெரிந்தவரா?" ஆம். பக்கத்தில் நின்றவன் நான். இருபத்தேழு கேள்வி, இருபத்தேழு பதில், ஒன்றுகூடத் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் இப்படி ஒரு பரீட்சை எழுதியதே கிடையாது.

அந்த மூன்று நாளில் எந்த ஒரு வேளையாவது நான் ஒரு தடவை லேப்டாப்பைச் செருகியிருந்தால் போதும். தம்பிக்காகத் திருட்டுத்தனம் செய்கிற அண்ணனாக இருந்திருந்தால், அவன் இன்றைக்கும் அந்தக் கட்டிலில் இருந்திருப்பான். நான் யோக்கியனாக இருந்தேன்.

பதிவு அத்தோடு முடியவில்லை. இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அது எனக்கு மறந்திருக்கவில்லை, ஆனால் பெட்டி அதையும் எழுதியிருக்கும் என்பது தோன்றவில்லை. சான்றில் கையெழுத்துப் போட்ட பிறகு, பத்து நிமிடம் தனியாக இருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போனார். பழக்க தோஷத்தில் கேள்விப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"சென்னி... மழையில கண்ணாடி கொண்டாரச் சொன்னேன்ல. அண்ணன் மேல கோவமாடா?"

கேட்பதற்கு அவன் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வந்தது. திரையில் "பதில் இல்லை" என்று வந்ததும் ஒரு விதத்தில் ஆசுவாசமாகக்கூட இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து, முடிந்தது என்று தலையசைத்தேன்.

பதிவில், கேள்வி முடிந்து ஒன்று புள்ளி ஆறு நொடியில் அவன் பதில் இருந்தது.

இல்லை.

அவன் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அது குறைவு. யோசிக்காமல் சொல்லியிருக்கிறான். தன்னைக் கொல்லக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறவனிடம், அதையும் காதால் கேட்டுவிட்டு, கோபமில்லை என்று சொல்லியிருக்கிறான். பதினொரு மாதம் நான் பயந்த கேள்விக்கு நான் ஆசைப்பட்ட பதில். அதை மேசையில் வைத்துக்கொண்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

பதினோரு மணிக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"எத்தனை குடும்பத்துக்குச் சொல்லணும்?"

"ஒண்ணுதான் மேடம். அவங்களுக்குச் சொல்லியாச்சு."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சான்றில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. எங்களில் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

படியிறங்கும்போது பட்டீஸ்வரன் எதிரே வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. வார்டு முழுக்கத் தேங்காய் பன் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உங்களுக்கு வேண்டாமே என்றதற்கு நஞ்சப்பண்ணன் திரை முழுக்க "இல்லை, இல்லை" என்று சண்டை பிடித்தாராம். சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, ஆள் பத்து வயது குறைந்திருந்தார். என் கையில் இரண்டு பன்னைத் திணித்தார்.

"உங்களால எங்கூட்டுல மறுக்கா வெளக்கெரியுதுங்க சார். உங்கள நாங்க ஒண்ணுமே விசாரிக்கல பாருங்க." ஊர்ப் பழக்கம் விடாமல், முகம் நிறையச் சிரிப்போடு கேட்டார். "வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

சாதாரணக் கேள்விதான். ஆம் என்றோ இல்லை என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை நொடி போயிற்று, பிறகு இன்னும் நேரம் போயிற்று. அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆனால் அவர் நகரவில்லை. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு என் அருகே வந்து நின்றார்.

"அவசரமில்லீங்க," என்றார். "மெதுவாச் சொல்லுங்க."